வேக்போர்டிங்: தண்ணீரை விட்டு எழவே முடியவில்லை. படகா, கேபிளா?

செங்காங் செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆபீஸில் ஒரு கூட்டம் சனிக்கிழமை காலையில் படகு எடுத்துக்கொண்டு வேக்போர்டிங் போகிறது, காலில் பலகையை மாட்டிக்கொண்டு படகு இழுக்கத் தண்ணீர்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு. போன மாதம் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு வயது 36, ஜிம் பக்கம் போவதில்லை, நீச்சல் என்றால் குளத்தில் ஒரு நீளம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. காலில் போர்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் மல்லாந்து மிதக்கிறேன், கயிற்றின் கைப்பிடி கையில். படகு கிளம்புகிறது. முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, எதுவும் தெரியவில்லை, படகிலிருந்து எல்லாரும் "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்துகிறார்கள், நானும் கைப்பிடியை நெஞ்சோடு இழுத்து எழப் பார்க்கிறேன், உடனே குப்புற விழுந்து மூக்கு வழியாக உப்புத் தண்ணீர். என் முறை முழுக்க இதேதான். கூட வந்த ஒரு பையன், இப்போதுதான் என்எஸ் (தேசிய சேவை) முடித்தவன், முதல் இழுப்பிலேயே எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையை வேறு ஆட்டுகிறான். எரிச்சலாக வந்தது. மறுநாள் முன்கை இரண்டும் இறுகிப்போய்ப் பல் துலக்கவே கஷ்டம்.

ஆனால் விட மனசில்லை. இது கைவலு சம்பந்தப்பட்ட விஷயமா, நான் முதலில் ஜிம்முக்குப் போக வேண்டுமா? சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் லகூனில் படகுக்குப் பதில் மேலே ஓடும் கம்பி இழுக்கிற கேபிள் இருக்கிறதே, தொடக்கத்தில் அது சுலபம் என்கிறார்கள், உண்மையா? அப்புறம் கேட்கச் சங்கடமான ஒன்று: பெண்கள் என்ன உடை போடுகிறீர்கள், தாலிச் சங்கிலியை என்ன செய்கிறீர்கள்? ஆபீஸில் கேட்க ஆள் இல்லை.

—

கயிறுபிடித்தவன்:

அக்கா, கைவலு இல்லை. ஜிம்மை விட்டுவிடுங்கள். படகிலிருந்து கத்தினார்களே "எழுந்திரு" என்று, அதுதான் பிரச்சினை. வேக்போர்டில் யாரும் தானாக எழுவதில்லை, படகு எழுப்பும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தொடக்கக்காரர்கள் விழுவதில் பெரும்பாலானவை அவசரப்பட்டு எழுவதால்தான்.

ஏன் என்று சொல்கிறேன், காரணம் புரிந்தால் உடம்பு கேட்கும். போர்டு உங்களுக்கும் படகுக்கும் நடுவில் குறுக்காக, மேல் விளிம்பு தண்ணீருக்கு வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது இல்லையா. படகு இழுக்கும்போது தண்ணீர் போர்டின் அடிப்பக்கத்தை மோதும். முழங்கால் மடங்கி, குதிகால் பின்பக்கத்தோடு ஒட்டி இருந்தால் போர்டு சாய்வாக நிற்கும், தண்ணீர் அதன் அடியில் புகுந்து மேலே தூக்கும். நீங்கள் காலை நீட்டினீர்களோ, போர்டு தண்ணீருக்கு நேராகச் சுவர் மாதிரி நின்றுவிடும். மொத்தத் தண்ணீரையும் எதிர்த்து உங்கள் முன்கை மட்டும் போராடும். பல் துலக்க முடியாமல் போனது அதனால்தான்.

ஆக, உடம்பை எப்படி வைப்பது? நம் ஊரில் பாட்டிகள் குத்தவைத்து உட்கார்வார்களே, அதே உட்காரல், தண்ணீரில் மல்லாந்து. முழங்கால் நெஞ்சோடு, இரண்டு கையும் முழங்காலுக்கு வெளியே நீட்டி நேராக, உள்ளங்கை இரண்டும் கீழ் பார்த்துக் கைப்பிடியில். கையை மடக்கவே மடக்காதீர்கள். கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்தால் உடம்பு முதலில் முன்னால் போகும், கயிறு தொய்யும், அடுத்த நொடி படகு அதை வெடுக்கென்று இழுக்கும், நீங்கள் குப்புற. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

படகு கிளம்பியதும் முகத்தில் தண்ணீர் அடிக்கும், அடிக்கட்டும், உதட்டை மூடிக்கொண்டு அப்படியே இருங்கள். போர்டு தண்ணீருக்கு மேல் வந்துவிட்டால் அடி வாங்குவது சட்டென்று குறையும், காலுக்கு அடியில் வழுக்குகிற மாதிரி ஓர் உணர்வு வரும். அதுவரை எழாதீர்கள். அது வந்த பிறகு மெதுவாக, இடுப்பைக் கைப்பிடியை நோக்கிக் கொண்டுபோவதாக நினைத்து எழுங்கள், முழங்காலை முழுக்க நிமிர்த்த வேண்டாம். பின்காலில் கொஞ்சம் அதிகப் பாரம் வைத்தால் போர்டு தானாகவே திரும்பி நேராகும். கைப்பிடி முன் இடுப்புக்குப் பக்கத்தில், தாழ்வாக. பார்வை படகில். போர்டைக் குனிந்து பார்த்தால் தலை போகிற இடத்துக்கு உடம்பும் போகும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். வழவழ தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் வீட்டுக்காரர் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுக்கட்டும். கை நேராக, நீங்கள் எதுவுமே செய்யாமல் இருந்தால் அவர் இழுப்பிலேயே பின்பக்கம் தரையை விட்டுக் கிளம்பும். கையை மடக்கினால் என்ன ஆகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவருக்கு முதுகு வலி இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எந்தக் கால் முன்னால் என்று கேட்டார்களா? இடது முன்னால் என்றால் ரெகுலர், வலது முன்னால் என்றால் கூஃபி. பின்னாலிருந்து யாராவது எதிர்பாராமல் லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ, பெரும்பாலும் அதுதான். முழுக்க நம்ப வேண்டாம், சரிப்படவில்லை என்றால் மாற்றிப் பாருங்கள். பல இடங்களில் வந்தவர்கள் எல்லாருக்கும் இடது முன்னால் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள், வலதுகாலிக்கு அது ஒரு சாபம்.

—

பிடோக் சித்தப்பா:

மேலே தம்பி எழுதியதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, ஆனால் படகா கேபிளா என்ற கேள்வியை விட்டுவிட்டார். நான் கேபிள் கட்சி. ஈஸ்ட் கோஸ்டில் ஸ்கீ360 என்ற பெயர் இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன்.

படகில் கயிறு கட்டியிருக்கும் கோபுரம் தண்ணீரிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். கேபிளில் கம்பி பல மீட்டர் உயரத்தில் ஓடுகிறது, ஆகையால் இழுப்பு முன்னால் மட்டுமில்லாமல் மேல்நோக்கியும் வருகிறது, எழுந்து நிற்பதற்கு அது பெரிய உதவி. இன்னொன்று, படகில் ஐந்தாறு பேர் போனால் உங்கள் முறை கொஞ்ச நேரம், மற்ற நேரமெல்லாம் வெயிலில் உட்கார்ந்து அரட்டை. கேபிளில் விழுந்தால் உடனே அடுத்த முயற்சி. உடம்பு கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தானே.

ஆனால் கேபிளிலும் இரண்டு விதம் உண்டு, இதைத் தெரியாமல் போய்த்தான் பலர் பயந்து திரும்புகிறார்கள். பெரிய கேபிள் என்பது நாலைந்து கோபுரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரே நேரத்தில் பல பேர் சுற்றுவார்கள். ஜெர்மனியில் புரூனோ ரிக்சன் என்ற பொறியாளர் 1960களில் கொண்டுவந்த அமைப்பு. அதில் மேடையிலிருந்து கிளம்ப வேண்டும், கொக்கி உங்கள் கயிற்றைப் பிடிக்கும் நொடியில் ஒரு வெட்டு வெட்டும் பாருங்கள், தோள்பட்டை கழன்ற மாதிரி இருக்கும். கிளம்பியபின் வளைவில் கயிறு தொய்ந்து மறுபடி ஒரு வெட்டு. வேகமும் மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், உங்களுக்காக மட்டும் குறைக்க மாட்டார்கள். இன்னொன்று இரண்டே கோபுரம் வைத்த சின்னக் கேபிள், போய்த் திரும்பும், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரே ஆள். கையில் ரிமோட் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார், நீங்கள் தடுமாறினால் வேகத்தைக் குறைப்பார், விழுந்தால் நிறுத்திக் கைப்பிடியை உங்களிடமே கொண்டுவருவார். முன்பதிவு செய்யும்போதே தொடக்கக்காரர், இரண்டு கோபுரக் கேபிள் வேண்டும் என்று கேளுங்கள். மாட்டேன் பெரியதில்தான் என்றால் முதலில் முட்டிபோட்டுப் போகும் நீபோர்டில் ஒன்றிரண்டு சுற்று வாங்கிக்கொள்ளுங்கள், இழுப்பும் வளைவும் பழகிவிடும். போகுமுன் நேரமும் எந்தக் கேபிள் ஓடுகிறது என்பதும் அவர்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கத்திலேயே லகூன் உணவங்காடி இருப்பது கூடுதல் லாபம். சத்தே கடைகள் மாலையில்தான் சூடு பிடிக்கும், காலையில் போய் ஏமாறாதீர்கள்.

—

கோப்பிகாவ்சொங்:

என்எஸ் முடித்த பையனைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள் அக்கா. ஸ்கேட்போர்டு ஓட்டிய பழக்கம் இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து அவனே அலையைத் தாண்டிக் குதிக்கப் பார்த்து முகத்தால் தரையிறங்குவான், அப்போது நீங்கள் கை ஆட்டுங்கள்.

—

நீர்க்காகம்:

செல்வி, உடை விஷயத்துக்கு நான் வருகிறேன், நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்.

உடம்போடு ஒட்டும் நீச்சல் மேல்சட்டையான ரேஷ் கார்டு, அதுவும் முழுக்கை, கீழே கணுக்கால் வரை லெக்கிங்ஸ். ஸ்போர்ட்ஸ் கடைகளில் நீச்சலுக்கென்றே கிடைக்கிறது. பருத்தி டீ ஷர்ட் வேண்டாம், நனைந்தால் கனம், அக்குளில் உராய்ந்து புண்ணாகும். லெக்கிங்ஸுக்கு மேல் ஒரு ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வேன். அதன் நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள், தண்ணீரின் வேகத்தில் அது கழன்று இறங்கும். உடம்பை மறைப்பதற்கு மட்டும் சொல்லவில்லை, இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் நல்லது. பாதத்தின் மேல்பக்கத்திலும் காதின் பின்னாலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். உள்ளங்கையில் மட்டும் ஒட்டக்கூடாது, கைப்பிடி வழுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டும் போகாதீர்கள், வழிந்து கண்ணில் இறங்கும்.

தாலி. கழற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். விழும்போது கைப்பிடியும் கயிறும் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே தொங்கும் எந்தச் சங்கிலியும் ஆபத்து, அறுந்து கடலில் போனால் அது ஒரு வருத்தம், அறுபடாமல் கழுத்தை இழுத்தால் அதைவிட மோசம். நான் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். என் மாமியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே டப்பா எடுத்துக் கொடுத்தார். கழற்ற மாட்டேன் என்பவர்கள் சங்கிலியை எடுத்து வைத்துவிட்டு மெல்லிய மஞ்சள் கயிற்றில் போட்டுக்கொண்டு, கழுத்து உயர்ந்த ரேஷ் கார்டுக்குள் விட்டு அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டை இறுக்குகிறார்கள். ஊக்கு குத்துவது மட்டும் கூடவே கூடாது, ஜாக்கெட்டுக்கு அடியில் திறந்துகொண்டால் தெரியும். மோதிரம், வளையல், மெட்டி எல்லாமே கழற்ற வேண்டியவை. மெட்டி ஏன் என்று கேட்பீர்கள், போர்டில் காலை மாட்டும் பைண்டிங்கில் கால் நுழைக்கும்போது புரியும்.

பைண்டிங் என்றதும் ஞாபகம் வருகிறது: காலையும் பைண்டிங்கையும் நன்றாக நனைத்துவிட்டு நுழையுங்கள், அதற்கென்று சோப்புத் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் விரல் மரத்துப்போகக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் விழும்போது ஒரு கால் கழன்று மற்றக் கால் மாட்டியிருக்கும், கணுக்கால் போகும்.

காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீர் அடித்து ஒன்று போய்விடும், மிச்சமிருப்பதில் கிருமி. பவர் அதிகம் என்றால் படகு மங்கலாகத் தெரிந்தால்கூடப் போதும், பார்த்துப் படிக்க அங்கே ஒன்றும் இல்லை.

நீச்சல் பற்றி: ஒரு நீளம் நீந்துகிறீர்கள், லைஃப் ஜாக்கெட் போடுகிறீர்கள், போதும். ஆனால் தண்ணீருக்குள் முகம் போனால் பதறாமல் இருக்க வேண்டும், அதைக் குளத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழகியவர்கள் ஒட்டினாற்போல மெல்லிசாக ஒன்று போட்டிருப்பார்கள், அதற்கு இம்பாக்ட் வெஸ்ட் என்று பெயர். அது விழும் அடியைத் தாங்குவதற்கு, உங்களை மிதக்க வைக்கும் என்று நம்ப முடியாது. அழகாக இருக்கிறதே என்று அதைக் கேட்டு வாங்காதீர்கள். கேபிளில் தலைக்கவசமும் வேண்டும்.

—

வடக்குவாசல்:

கேபிள் கட்சிக்கு ஒரு எதிர்க்குரல். சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படகு ஓட்டுகிறவர் நல்லவராக இருந்தால் படகு மாதிரி சொகுசு கிடையாது. இழுப்பு படிப்படியாக வரும், வெட்டு இல்லை. தொடக்கக்காரருக்கு மணிக்கு 25 முதல் 29 கிலோமீட்டர் போதும், அதையும் உங்கள் எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். கயிற்றையும் 15 மீட்டருக்குள் கட்டச் சொல்லுங்கள், கிட்டத்தில் இருந்தால் படகு கிளப்பும் இரண்டு அலைகளுக்கு நடுவே இருக்கும் தட்டையான பகுதி குறுகலாக இருக்கும், ஆனால் இழுப்பு கொஞ்சம் மேல்நோக்கி வருவதால் எழுவது சுலபம். கெட்டிக்காரர்கள் இருபது மீட்டருக்கு மேல் விட்டு, படகில் தண்ணீர் மூட்டைகள் ஏற்றி அலையைப் பெரிதாக்கித்தான் குதிப்பார்கள். அவர்களோடு ஒரே படகில் போனால் பெரும்பாலும் அவர்களுக்கு வைத்த அமைப்பிலேயே உங்களையும் இறக்கிவிடுவார்கள். செல்வி எழுதியதைப் படித்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான். அடுத்த முறை முதல் ஆளாக இறங்குங்கள், தண்ணீர் மூட்டை நிரப்பும் முன்பே.

பக்கவாட்டில் தொங்கும் நீளக் கம்பி சில படகுகளில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு படகுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கலாம், சொல்லிக்கொடுப்பவர் காதருகில் பேசுவார். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை, கேட்டுப் பாருங்கள்.

கை ஜாடைகள் தெரிந்திருக்கட்டும், இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையில் தட்டினால் போதும் திரும்பலாம். விழுந்து தலை வெளியே வந்ததும் ஒரு கையை உயரத் தூக்குங்கள், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், மற்றப் படகுகளுக்கும் நீங்கள் அங்கே கிடப்பது தெரியும். விழும்போது கைப்பிடியை விட்டுவிட வேண்டும். இதை எல்லாருக்கும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை, பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் தண்ணீர் குடித்துக்கொண்டு போவார்கள்.

இன்னொரு விஷயம், படகு ஓட்டுகிறவருக்குக் கடல்துறை, துறைமுக ஆணையமான எம்பிஏ தரும் பிபிசிடிஎல் என்ற உல்லாசப் படகு ஓட்டும் உரிமம் இருக்க வேண்டும், அவர் முன்னால் பார்த்து ஓட்டும்போது பின்னால் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேறொருவர் வேண்டும். அந்த ஆள் செல்பேசியில் இருந்தால் நான் இறங்க மாட்டேன்.

—

செங்காங் செல்வி:

நன்றி, எல்லாருக்கும். துண்டுப் பயிற்சியை நேற்று இரவே செய்து பார்த்தோம். கை நேராக இருந்தபோது சும்மா எழுந்துவிட்டேன், மடக்கியபோது அவர் மேலேயே போய் விழுந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், இனி அவளும் வருவாளாம்.

முதலில் சித்தப்பா சொன்ன இரண்டு கோபுரக் கேபிள், அப்புறம் மறுபடி படகு என்று முடிவு செய்திருக்கிறேன். எப்போது போவது நல்லது? மதியம் பிறகு ஆபீஸ் அரைநாள் விடுப்பு சுலபமாகக் கிடைக்கும்.

—

பிடோக் சித்தப்பா:

மதியம் வேண்டாம்மா. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். மின்னல் எச்சரிக்கை வந்தால் தண்ணீரிலிருந்து எல்லாரையும் ஏற்றிவிடுவார்கள், நீங்கள் கொட்டகையில் நிற்பதற்குத்தான் விடுப்பு எடுத்த மாதிரி ஆகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ், சுமத்ரா காற்று விடியலுக்கு முன் கிளம்பிக் காலையில் அடித்துவிட்டுப் போகும், அது போனபின் நன்றாக இருக்கும். முதல் நாள் இரவு பார்த்துவிட்டு நம்பிப் போகாமல், கிளம்புமுன் வானிலை காட்டும் மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பாருங்கள். பொதுவாக வார நாள் காலை என்றால் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. சனி ஞாயிறில் வரிசையில் நிற்கவே நேரம் போகும்.

முழு நாளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் முன்கை தாங்காது, களைத்தபின் விழுவது எல்லாம் மோசமாக விழுவது. கைப்பிடியை விரல்களால் கொக்கி போட்ட மாதிரி பிடித்தால் போதும், நசுக்க வேண்டாம்.

மகளுக்கு என்ன வயது? நீச்சல் தெரியுமா? பள்ளியில் ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால் நல்லது. ஆனால் எடை குறைந்த பிள்ளைகளுக்கு வேகமும் போர்டும் வேறு, பெரியவர்கள் போர்டைக் கட்டி இறக்கிவிட்டால் பாவம். குறைந்தபட்ச வயது என்னவென்று முதலில் கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள்.

—

கயிறுபிடித்தவன்:

பிள்ளை உங்களுக்கு முன்னால் எழுந்து நின்றால் இங்கே வந்து சொல்ல வேண்டும், அக்கா. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் "சும்மா உட்கார்ந்திரு" என்றால் உட்கார்ந்திருக்கும், நமக்குத்தான் முடிவதில்லை.

ஒன்று விட்டுப்போனது. நின்ற பிறகு உடனே வளைக்கப் பார்க்காதீர்கள், குதிகால் பக்கம் லேசாகப் பாரம் வைத்து நேராகப் போங்கள். விரல் பக்கம் சாய்ந்தால் முன் விளிம்பு தண்ணீரில் மாட்டும், விழுவது தெரியும் முன் முகம் தண்ணீரில் அறைந்திருக்கும். காதில் தண்ணீர் புகுவதும் அப்போதுதான், காதுப் பிரச்சினை உள்ளவர் என்றால் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.